ஒரே தோப்புக் கருப்பட்டி: லேபிளில் என்ன எழுதுவது?

பனங்காட்டான் (சாயல்குடி பக்கம்) | ஜனவரி 12

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, முதல் தடவையாக இழை தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயல்குடிக்கும் நரிப்பையூருக்கும் நடுவில், கடலைப் பார்த்த மணல்காட்டில் எங்களுக்கு நாலரை ஏக்கர். முக்கால்வாசி பனை. பாட்டனாரின் அப்பா காலத்திலிருந்து கருப்பட்டிதான் தொழில். தாத்தா ஏறினார். அப்பா இன்னும் ஏறுகிறார், வயது அறுபத்து மூன்று. ஒரு காலத்தில் முப்பத்தைந்து மரம் ஏறியவர், போன வருடம் பதினெட்டோடு நிறுத்திக்கொண்டார். நான் ஏறுவதில்லை. பத்தாவது படிக்கும்போது ஒரே ஒரு நாள் ஏறி, நெஞ்சுத் தோல் உரிந்து இறங்கியவன். இப்போது ராமநாதபுரத்தில் கணக்கு எழுதும் வேலை.

போன மாதம் மதுரையிலிருந்து ஒருவர் தோப்புக்கு வந்தார். காப்பிக்கொட்டை வறுத்து விற்கிறவர். எல்லாக் கொட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலப்பதில்லையாம். இன்ன மலை, இன்ன குடும்பம், மூன்று தலைமுறை என்று தோட்டம் தோட்டமாகப் பிரித்து, பையில் அச்சடித்து விற்கிறார். அதே மாதிரி ஒரே தோப்புக் கருப்பட்டி வேண்டுமாம். மாதம் நாற்பது கிலோ, வியாபாரி கொடுப்பதைப்போல ஒன்றரை மடங்கு விலை. ஆனால் லேபிள் வேண்டும். அதில் குடும்ப வரலாறு வேண்டும், ருசி எப்படி என்று நாலு வார்த்தை வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். "கருப்பட்டிக்கு என்னடா ஜாதகம்?" என்று கேட்டுவிட்டு அருவாள் தீட்டப் போய்விட்டார்.

லேபிளில் என்ன எழுதலாம்? ஒன்றரை மடங்கு நியாயமா? இப்படி விற்ற அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

துபாய் ராசா | ஜனவரி 12

துபாய்க்கு அனுப்புவீர்களா? ரெண்டு கிலோ போதும்.

உடன்குடியான் | ஜனவரி 12

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம். கருப்பட்டி என்றால் உடன்குடிதான். 2023-இல் புவிசார் குறியீடே வாங்கியாயிற்று. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் மதுரைக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது?

பனங்காட்டான் | ஜனவரி 12

அதே 2023-இல் எங்கள் மாவட்டத்துக்கும் குறியீடு கிடைத்தது அண்ணாச்சி, முண்டு மிளகாய்க்கு. உங்களுக்கு இனிப்பு, எங்களுக்குக் காரம். எங்கள் தோப்புச் சரக்கு எந்த ஊர்ப் பெயரில் கடையேறுகிறது என்பது வாங்கிப்போகிற வியாபாரிக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் லேபிள் என்றதும் எனக்கு ஆசை வந்தது.

மலைக்காப்பி (ராமநாதபுரம்) | ஜனவரி 13

தம்பி, இது எனக்குத் தெரிந்த விஷயம். வாக்கப்பட்டு வந்தது ராமநாதபுரம், பிறந்தது தாண்டிக்குடி. பழனி மலையின் கீழ்ப்பகுதி. தாத்தா வைத்த காப்பித் தோட்டத்தை இப்போது அண்ணன் பார்க்கிறான்.

தாத்தா காலத்தில் "எங்கள் தோட்டத்துக் காப்பி" என்ற பேச்சே கிடையாது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். 1942 சட்டம் அப்படி. நல்லாப் பழுத்த பழத்தைப் பார்த்துப் பார்த்துப் பறித்தவன் கொட்டையும் பச்சையும் சிவப்புமாக உருவியவன் கொட்டையும் ஒரே குவியலில் போய்விடும். தொண்ணூறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-இல்தான் முழுதாக விட்டார்கள். அதற்கப்புறமும் அப்பா பல வருடம் பழக்கதோஷத்தில் ஒரே வியாபாரிக்குத்தான் போட்டார். உங்கள் தோப்பு இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

அண்ணன்தான் மாற்றினான். 795 ரகம் நிற்கும் ஒரு சரிவை மட்டும் தனியாகப் பறித்து, தனியாகக் காயவைத்து, ருசி பார்க்கிறவர்களுக்கு அனுப்பினான். நூற்றுக்கு எண்பது மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால்தான் "ஸ்பெஷாலிட்டி" என்பார்கள். முதல் வருடம் வரவில்லை. காயவைக்கும்போது மூடுபனியில் கொட்டை நனைந்து பழைய சாக்கு வாடை ஏறிவிட்டது. அடுத்த வருடம் தரையில் போடாமல் வலைக்கட்டிலில் காயவைத்தான். ஈரப்பதம் பதினொரு சதவீதம் வரும்வரை நாளுக்குப் பத்துத் தடவை கிளறினார்கள். அப்போது வந்தது.

லேபிளில் "ஆரஞ்சுத் தோல் வாசம்" என்று போட்டார்கள். தோட்டத்தில் ஆரஞ்சு மரம் இருப்பதால் அந்த வாசம் ஏறியது என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். அண்ணன் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை, சிரித்துவிடுவான். அந்த மாதிரி கதை வேண்டாம் தம்பி. உங்கள் சரக்கில் நிஜமாகவே என்ன வித்தியாசம் இருக்கிறது? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. ஒன்றரை மடங்கு என்பது சரக்கு நன்றாக வரும் நாளுக்கு. கெட்டுப்போகும் நாள் யார் கணக்கு? இப்போதே கேட்டுவிடுங்கள்.

கீழக்கரை மாமா | ஜனவரி 13

ருசி கிருசி எல்லாம் அப்புறம். சீனி இல்லாமல் காய்ச்சுவீர்களா, அதைச் சொல்லுங்கள் தம்பி.

போன நோன்புப் பெருநாளுக்கு வீட்டில் தொதல் (எங்கள் ஊர்க் கருப்பட்டி அல்வா) கிண்டினோம். கருப்பட்டி வாங்கியது பேர்போன கடை, பெயர் வேண்டாம். தேங்காய்ப்பால் சுண்டி, மாவு வெந்து, நாலு மணி நேரம் கிண்டியும் அந்தக் கறுப்பு வரவில்லை. காவி வேட்டி நிறத்தில் நிற்கிறது. உம்மா ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்து வெளிச்சத்தில் காட்டினார்கள், உள்ளே மினுமினு என்று சீனி. எண்பது வயதுக் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

காப்பிப் பொடியில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறான். கருப்பட்டியில் சீனி எத்தனை என்று எவன் எழுதுகிறான்?

வேதியியல் வாத்தியார் (பரமக்குடி) | ஜனவரி 13

மாமா சொன்ன மினுமினுப்பு ஓரளவுக்குத்தான் அடையாளம். பதநீரில் இருப்பதும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே பொருள். நல்ல கருப்பட்டியும் மெதுவாக ஆறினால் உள்ளே மணி மணியாகப் பூக்கும். தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, நெருப்பில் காட்டுவது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனைகளை நம்பி யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. லேபிளில் "சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். பலரும் போடுகிறார்கள்.

தோப்புக்குத் தோப்பு வித்தியாசம் என்றால் நான் முதலில் பார்ப்பது சுண்ணாம்பைத்தான். பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். குறைவாகத் தடவினால் லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்பில் சுக்ரோஸ் உடையும், உடைந்த சர்க்கரை உறையாது, என்ன காய்ச்சினாலும் பாகாகவே நிற்கும். அதிகமாகத் தடவினால் உறையும், ஆனால் கறுத்து, நாக்கில் சுண்ணாம்பு நிற்கும். கடைக்காரர் சீனி போடுவது லாபத்துக்கு மட்டுமல்ல, இப்படிப் பாகாகிப்போன சரக்கை உறையவைக்கவும்தான்.

பனங்காட்டான் | ஜனவரி 14

வாத்தியார் சரியான இடத்தில் கையை வைத்தார். நாங்கள் கல் சுண்ணாம்பு வாங்குவதில்லை. கரையில் அள்ளும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியதுதான். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால் தெளிந்து அடியில் சீக்கிரம் படியும், வடிகட்டச் சுலபம் என்பது வீட்டில் சொல்லும் காரணம். எங்கள் கருப்பட்டியில் கடைசியில் லேசாக ஓர் உப்புக் கரிப்பு நிற்கும். அது மண்ணா, காற்றா, சுண்ணாம்பா தெரியாது. லேபிளில் அதைப் போடலாமா?

மாமா, சீனி இல்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, எனக்கு அஞ்சு வயதில், வியாபாரி மூட்டையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். அம்மா அதைப் பிரிக்கவே இல்லை, சித்தி கல்யாணத்துப் பாயசத்துக்கு ஆயிற்று.

மலைக்காப்பி | ஜனவரி 14

உப்புக் கரிப்பைத் தாராளமாகப் போடுங்கள், உண்மைதானே.

தம்பி, ஒன்று கேட்கட்டுமா? முதல் பதிவில் பாட்டனாரின் அப்பா, தாத்தா, அப்பா, நீங்கள் என்று நாலு ஆம்பிளைகள் வருகிறார்கள். சீனி மூட்டையைப் பிரிக்காமல் வைத்தது அம்மா. காய்ச்சுவது யார்?

பனங்காட்டான் | ஜனவரி 15

நேற்று ராத்திரியே இதைப் படித்துவிட்டேன், உடனே பதில் போட முடியவில்லை.

அம்மாதான் அக்கா. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து. அதற்கு முன்பு அப்பத்தா.

இந்தத் தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் நான் மரத்தைத்தான் சொல்வேன். காலில் மாட்டும் தளைநார், சாய்த்து மிதித்து ஏறும் முருக்குத்தடி, பாளையைக் கடிப்பால் (மரக் கிடுக்கியால்) நசுக்குவது, காலையில் இறக்கிச் சீவுவது, சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவிவிட்டு வருவது. அடுப்படியைச் சொன்னதே இல்லை.

சொல்கிறேன். அப்பா இறக்கிய பதநீர் ஏழு மணிக்குள் அடுப்பில் இருக்க வேண்டும். ஊற்றும் முன்பு ஒவ்வொரு குடத்திலிருந்தும் அம்மா உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்ப்பாள். "கிணத்து மேட்டு மரத்துல சுண்ணாம்பு காணல, இன்னைக்கு மறந்துட்டீக" என்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார், மறந்திருப்பார். எரிக்கக் காவோலையும் சீமைக்கருவேலும். முதலில் ஓலை, கொதி வந்ததும் விறகு. நுரை பொங்கி விளிம்புக்கு வரும்போது இடித்த ஆமணக்கு முத்து ரெண்டு விரலால் எடுத்துப் போடுவாள், பொங்கல் அப்படியே அமரும். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சே இருக்காது. குமிழி முதலில் நெத்திலிக் கண் மாதிரி சின்னதாக இருக்கும். அது பெருத்து மாட்டுக் கண் மாதிரி சோம்பலாக உடையும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டுவாள். உருண்டால் இறக்க வேண்டியதுதான். துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பாள், ஓரத்தில் லேசாக வெள்ளைப் பூக்கும், அந்த நொடியில் சிரட்டையில் ஊற்ற வேண்டும். முந்தினால் ஒட்டும், பிந்தினால் அண்டாவிலேயே கல்லாகிவிடும். எட்டு, பத்து லிட்டர் பதநீர் இப்படிச் சுண்டினால்தான் ஒரு கிலோ.

கடிகாரம், வெப்பமானி எதுவும் கிடையாது. ஒரு தடவை நான் வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். அது இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மலைக்காப்பி | ஜனவரி 15

இதைத்தான் தம்பி மதுரைக்காரர் கேட்கிறார், அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பையில் தாத்தா பெயர், அப்பா பெயர், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதுவரை இருந்தது. ஒரு நாள் வாங்க வந்தவர், "பழம் பறிப்பது யார்?" என்று அண்ணனிடம் கேட்டார். அவனுக்கு நாலு பேர் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பறிக்கிற அக்காமார். ஒரு கிலோ கொட்டைக்கு அஞ்சாறு கிலோ பழம் வேண்டும். ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும் பச்சையும் இருக்கும். சிவப்பை மட்டும் கிள்ளுவது அவர்கள் விரல்தான். எடைக்குக் கூலி என்றால் யார் பொறுமையாகக் கிள்ளுவார்கள்? அதற்கப்புறம்தான் பழுத்ததை மட்டும் பறித்தால் கிலோவுக்குக் கூடுதல் கூலி என்று வைத்தான். மதிப்பெண் ஏறியதற்கு வலைக்கட்டில் பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.

ஏணி வேண்டாதவன் (திருப்பூர்) | ஜனவரி 16

ரெண்டு நாளாக வாசிக்கிறேன். நெத்திலிக் கண், மாட்டுக் கண் எல்லாம் நன்றாக இருக்கிறது. என் சொந்த ஊர் கன்னிராஜபுரம் பக்கம். ஏழு வருடம் ஏறினேன், சொந்த மரத்தில் அல்ல, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்த மரத்தில். தை மாதம் முன்பணம் வாங்குவோம், ஆடியில் கணக்குப் பார்த்தால் கடன் நிற்கும். அடுத்த தைக்கும் அவரிடமே போக வேண்டும். அண்ணன் விழுந்தான், இடுப்புக்குக் கீழே வேலை செய்யவில்லை. 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை, சரி. ஆனால் சுண்ணாம்பு தடவின கலயத்தையும் முகர்ந்து பார்த்து உடைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பனையேறி என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். இப்போது பனியன் கம்பெனியில் இருக்கிறேன். பெரிய சம்பளம் இல்லை, மாதம் பன்னிரண்டும் வருகிறது.

லேபிளில் "நாலு தலைமுறை" என்று போடப்போகிறீர்கள் அண்ணே. நாலாவது தலைமுறை ஏறவில்லை என்றும் போடுங்கள். அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருடம்? ஒன்றரை மடங்கு விலையில் அரை மடங்கு யாருக்கு?

உடன்குடியான் | ஜனவரி 16

இது நியாயமான கேள்வி. எங்கள் பக்கமும் இதே நிலைதான், குறியீடு மரம் ஏறாது.

மரம் ஏறும் கருவி வந்திருக்கிறதே, யாராவது பயன்படுத்தினீர்களா?

ஏணி வேண்டாதவன் | ஜனவரி 16

ஏறிப் பார்த்தேன். தென்னைக்குச் சரி. பனையில் கருக்கு மட்டைக் கட்டை நிற்கிற மரத்தில் கருவி தட்டும். ஏறிவிட்டாலும், மேலே மட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துதான் பாளை சீவ வேண்டும். அங்கே கருவி வராது, நான்தான் போக வேண்டும்.

துபாய் ராசா | ஜனவரி 17

அண்ணே, என் அப்பாவும் ஏறினவர்தான். அதனால்தான் கேட்டேன், வேறொன்றும் இல்லை.

பனங்காட்டான் | ஜனவரி 17

ஏணி வேண்டாதவரே, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடைத்த கலயம் வந்த இடத்தில் "நமக்கும் மூணு தடவ" என்றார். அரை மடங்கு பற்றிக் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பனை மரம் வெட்டினால் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள், லட்சக்கணக்கில் விதை கொடுத்தார்கள். நல்லதுதான். காப்பி நட்டால் நாலாம் வருடம் காய்க்கும் என்று நினைக்கிறேன், அக்கா சொல்லட்டும். பனை பாளை விட பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. அப்பா ஏறுவது தாத்தா ஊன்றிய மரம். அப்பா ஊன்றியது பலது இப்போதுதான் பாளை விடுகிறது. அதில் ஏற ஆள் இல்லை.

மலைக்காப்பி | ஜனவரி 17

மூணு, நாலு வருடம், சரிதான். ஆனால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்தால் நட்டது பாதி போகும். உங்கள் பனைக்கு அந்தக் கவலை இல்லை, புயலுக்கே நிற்கும்.

சேமிப்பு பற்றியும் யோசித்து வையுங்கள். மாதம் நாற்பது கிலோ என்றால் ஐப்பசி கார்த்திகை மழையிலும் கொடுக்க வேண்டும். கடல் காற்றில் கருப்பட்டி கசியும்.

பனங்காட்டான் | ஜூன் 8

இழையைத் தூசி தட்டுகிறேன். பருவம் முடியப்போகிறது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்காரருக்கு மாசிக் கடைசியிலிருந்து போகிறது. முதல் மாதமே புகார். பால்காப்பியில் போட்டால் பால் திரிகிறதாம். அம்மா சிரித்தாள். கருப்பட்டியைப் பாகாக்கி வடிகட்டி, பால் கொதி அடங்கினபின் ஊற்றச் சொன்னோம். இப்போது சரி. இருந்தாலும் கருப்பட்டிக்குக் கடுங்காப்பிதான் என்பது என் கட்சி.

சேமிப்புக்குப் பிளாஸ்டிக் பை பார்த்தோம், உள்ளே வேர்த்துவிட்டது. பழையபடி ஓலைக்கொட்டானில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டோம். புகை வாசம் ஏறுகிறது, மதுரைக்காரருக்கு அது பிடித்திருக்கிறது. அனுப்பும் அன்றைக்கு மட்டும் பையில் போடுகிறோம்.

லேபிளில் "நாலு தலைமுறை" இல்லை. தேதி, எத்தனை மரம், "ஏறியவர்", "காய்ச்சியவர்", கிளிஞ்சல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். அம்மாவிடம் கேட்டபோது ஒப்புக்கொள்ளவே இல்லை. "எம் பேரப் போட்டா, ஒரு நா பதம் தப்புனா யாரத் திட்டுவாக?" என்றாள். உன்னைத்தான் என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அப்படியென்றால் தேதியைப் பெரிதாகப் போடு, தப்பினதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றாள். சித்திரையில் ஒரு நாள் திடீர் மழை, கலயத்தில் தண்ணீர் இறங்கி ஏழு கிலோ சரியாக உறையவில்லை. அதை லேபிள் இல்லாமல் சந்தைக்குப் போட்டோம். அந்த ஏழு கிலோவை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

ஏணி வேண்டாதவரே, அரை மடங்குக்குப் பதில் இது. அடுத்த தைக்கு அப்பா எட்டு மரம் மட்டும். அப்பா ஊன்றிய இளமரம் இருபத்திரண்டு ஏறத் தயாராக நிற்கிறது. முன்பணக் கணக்கு கிடையாது. கருப்பட்டி எடையில் பாதி ஏறுகிறவருக்கு, விற்ற விலையில், மாதாமாதம். காப்பீட்டுக்கு நாங்கள் கட்டுகிறோம். அப்பா சம்மதிக்க மூன்று நாள் ஆயிற்று. நீங்கள் வருவீர்கள் என்று எழுதவில்லை, கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏணி வேண்டாதவன் | ஜூன் 9

பாதி என்பது சரி. விறகு யார் கணக்கு?

பனங்காட்டான் | ஜூன் 9

எங்கள் கணக்கு.

ஏணி வேண்டாதவன் | ஜூன் 11

ஆடியில் ஊருக்கு வருகிறேன், கோயில் கொடை இருக்கிறது. மரத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம். உங்கள் அப்பாவும் கூட இருக்கட்டும்.

துபாய் ராசா | ஜூன் 11

என் ரெண்டு கிலோ?